அப்பா வெட்டிய காடு

“காட்டுக்குப் போறோம்னு சொல்ற. பாராங் வேணாமா?”

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அப்பா சமையலறை வாசலில் நின்று இப்படிக் கேட்டார். கையில் பழைய நாளிதழில் சுற்றிய வெட்டுக்கத்தி. ரயில்வே வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்த ஒரே பொருள் அது. புக்கிட் பாத்தோக்கில் உள்ள எங்கள் வீவக வீட்டில் அந்தக் கத்திக்குத் தேங்காய் உடைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

“அப்பா, இப்ப அது பூங்கா. கத்தி எடுத்துக்கிட்டு நடந்தா போலிஸ்காரர் பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாரு” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தவர் கத்தியை அலமாரி மேல் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவாகத் திருப்தி இல்லை.

அப்பாவுக்கு வயது 84. 1961இல் மலாயா ரயில்வேயில் ‘கேங்’ வேலைக்குச் சேர்ந்து 1995 வரை 34 ஆண்டுகள் கம்பிச்சடக்கில் உழைத்தவர். தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லி மருத்துவர் பல மாதங்களாக வற்புறுத்தி வருகிறார். புளோக்கைச் சுற்றி நடக்கலாம் என்றால், “எங்க போய்ச் சேர்றதுக்கு?” என்று கேட்பார். பழைய ரயில் பாதையில் நடக்கலாமா என்று நான் கேட்பதும், அவர் பேச்சை மாற்றுவதும் சில ஆண்டுகளாகவே நடந்து வந்தது. போன மாதம் ஒருநாள் அவராகவே கேட்டார்.

“அந்தப் பலாமரம் இருக்கான்னு பாக்கணும். அதுக்கு அடியில முனியாண்டி இருந்தாரு.”

சரி, போகலாம் என்றேன்.

கடைசி ரயில்

சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். அப்போதைய முதன்மை நிலையம் தேங்க் ரோட்டில், செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. 1932இல் பாதையை மாற்றி அமைத்தார்கள். தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் எழுந்தது. ரயில் புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் சென்று, கடற்பாலத்தைக் கடந்து ஜோகூருக்குள் நுழைந்தது. நமக்கெல்லாம் நினைவிருப்பது அந்தப் பாதைதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் போய் வந்த குடும்பங்கள் எத்தனையோ.

தண்டவாளம் சிங்கப்பூருக்குள் ஓடினாலும் அந்த நிலம் நீண்டகாலக் குத்தகையில் மலாயா ரயில்வேயிடம் இருந்தது. சுற்றிலும் வீடுகளும் விரைவுச்சாலைகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தபோது இந்த ஒரு கீற்றில் மட்டும் யாரும் எதுவும் கட்டவில்லை. கட்ட முடியவில்லை என்பதே உண்மை. தீவின் வடக்கிலிருந்து தெற்குவரை 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சை நாடா போல ஒரு நிலம் தப்பிப் பிழைத்த கதை அது. இயற்கையைக் காக்க வேண்டும் என்று அன்று யாரும் திட்டமிடவில்லை. நிலம் யார் கையில் என்ற கேள்விதான் அதைக் காத்தது.

2010இல் இரு நாடுகளின் தலைவர்களும் உடன்பாட்டுக்கு வந்தனர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அதைத் தாமே ஓட்டிச் சென்றார். அன்று இரவு நானும் அப்பாவும் புக்கிட் தீமா நிலையத்தருகே கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தோம். இளையர்கள் கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ரயில் கடந்து போனதும் அப்பா தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார். ‘போகலாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதன்பின் அந்தப் பக்கமே அவர் வரவில்லை.

இரும்புப் பாலத்திலிருந்து

ஹில்வியூ எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி மெதுவாக நடந்து, ரயில் மால் கடைவரிசை அருகே அப்பர் புக்கிட் தீமா ரோட்டுக்கு மேலே குறுக்காக நிற்கும் பழைய இரும்புப் பாலத்தை அடைந்தோம். அங்கிருந்து புக்கிட் தீமா நிலையம்வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அப்பாவின் முழங்காலுக்கு அது போதும் என்பது என் கணக்கு.

பாலத்தின்மேல் ஏறியதும் அப்பா கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். அடியில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. எங்களைக் கடந்து இரண்டு சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“அப்பல்லாம் இதுமேல நடக்கும்போது காதைத் தீட்டிக்கிட்டே நடக்கணும். ரயில் வந்தா ஒதுங்க இடமில்ல” என்றார்.

பாலம் தாண்டியதும் சாலையின் இரைச்சல் படிப்படியாகக் குறைந்தது. இடப்பக்கம் புக்கிட் தீமா குன்றின் காடு. ஏறக்குறைய 164 மீட்டர் உயரம்தான். ஆனாலும் இந்தத் தீவின் இயற்கையான உச்சி அதுவே. வலப்பக்கம் மரங்களுக்கு அப்பால் சாலையும் வீடுகளும். நடுவில் சீரான பாதை. இரு ஓரத்திலும் புல்.

அப்பா நின்று நின்று பார்த்தார். எனக்குப் பூங்காவாகத் தெரிந்தது அவருக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

“எங்க வேலை என்னான்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தண்டவாளம் பழுது பாக்கிறது.”

“அது பாதி வேலை. மீதிப் பாதி, காட்டை உள்ள விடாம பாத்துக்கிறது.”

அதை அவர் விளக்கிக்கொண்டே நடந்தார். ஒரு கேங்குக்குச் சில மைல் தூரம் பொறுப்பு. அவருடைய கேங்குக்குப் புக்கிட் தீமாவிலிருந்து சுவா சூ காங் ரோடு கேட் பக்கம் வரை. தினமும் ஒருவர் முழுத் தூரமும் நடந்து ஆணி கழன்றிருக்கிறதா, கட்டை உளுத்துவிட்டதா, கல் சரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். மற்றவர்கள் கல்லை இடித்து இறுக்குவார்கள், லோங்காங்கில் அடைத்த சருகை அள்ளுவார்கள், வெட்டுவார்கள். லாலான் புல், சிம்போ செடி, மரக்கிளை, கொடி என்று எது வளர்ந்தாலும் வெட்டுவார்கள்.

“மழைக்காலத்துல இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு வெட்டிக்கிட்டே போவோம். போய்ச் சேர்றதுக்குள்ள ஆரம்பிச்ச எடத்துல மறுபடி முட்டி ஒசரம் வளந்திருக்கும். முப்பத்து நாலு வருசம் இந்தக் காட்டோட மல்லுக்கட்டினேன்மா. இது என்னைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே நின்னுச்சு.”

நான் இந்தப் பாதையில் பலமுறை நடந்திருக்கிறேன். ‘இயற்கை மீட்டெடுத்த பாதை’ என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அந்த இயற்கை இவ்வளவு காலம் வாசலில் காத்திருந்தது என்றும், அதை வாசலிலேயே நிறுத்தி வைத்த கைகளில் இரண்டு என் வீட்டில் இருந்தன என்றும் அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

முதலில் வந்தவை

ரயில் நின்றபின் தண்டவாளத்தையும் கட்டைகளையும் 2011ஆம் ஆண்டு முடிவதற்குள் கழற்றி எடுத்துவிட்டார்கள். வெட்டுவதற்கு அப்பாவைப் போன்றவர்களும் இல்லை. காடு உள்ளே வந்தது. எது முதலில் வந்தது என்பதைப் பார்த்தால் அந்த நிலத்தின் கதையே விளங்கும்.

மஞ்சள் பூவும் முறம் போன்ற இலையும் கொண்ட சிம்போ ஆயர் புதர் முதல் வரிசையில் நிற்கிறது. சத்தில்லாத மண்ணிலும் வேர் பிடிக்கும். முன்பு சந்தையில் தெம்பே மடிக்க இந்த இலையைத்தான் பயன்படுத்துவார்கள். அதன் பக்கத்தில் ஊதா நிறப் பூவோடு செண்டுடோக். காலடியில் தொட்டாற்சிணுங்கி. அப்பா குடை நுனியால் தொட, இலைகள் மடிந்தன. 84 வயதிலும் அதைத் தொடாமல் போக முடியவில்லை பாருங்கள்!

அண்ணாந்து பார்த்தால் குடை விரித்ததுபோல் அல்பீசியா மரங்கள். இவை நம் மண்ணுக்குரியவை அல்ல. கிழக்கே மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்தவை. கைவிடப்பட்ட நிலம் எங்கே கிடைத்தாலும் விறுவிறுவென்று வளரும். அவரை இனத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்வழியே மண்ணில் சேர்க்கும். ஆனால் மரம் மென்மையானது. புயல்காற்றில் கிளை முறிந்து விழும். அதனால் இதைப் பலருக்குப் பிடிப்பதில்லை. பருந்துகளுக்கோ மிகவும் பிடிக்கும். குடுமிப் பருந்து கூடு கட்ட இந்த உயர்ந்த மரங்களையே தேடிப் போகிறது. வந்தேறி மரம் ஒன்று உள்ளூர்ப் பறவைக்கு வீடு கொடுக்கிறது. 2021இல் கிராஞ்சியில் பழைய ரயில் நிலத்தை ஒட்டி வளர்ந்திருந்த அல்பீசியாக் காட்டின் ஒரு பகுதி தவறுதலாக வெட்டப்பட்டபோது எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். ‘வெறும் களைமரம்தானே’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள்; ‘அதுவும் காடுதான்’ என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

இவற்றுக்கு நடுவே நடுவே மனிதர்கள் விட்டுச்சென்ற மரங்கள். வாழைக் கூட்டம், மா, டுரியான், ரம்புத்தான். ரயில் ஓரத்தில் கம்பத்து வீடுகள் இருந்ததற்கு இவையே சாட்சி. ஓரிடத்தில் அப்பா குனிந்து எதையோ பொறுக்கினார். புள்ளி போட்ட ரப்பர் கொட்டை. அதைப் பாதையோரத்துச் சிமெண்டுக் கட்டையில் பரபரவென்று தேய்த்து என் புறங்கையில் வைத்தார். சுள்ளென்று சுட்டது. தோட்டத்தில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த குறும்பு அது. ஐம்பது வயதைத் தாண்டிய நான் அலறியதைக் கேட்டு, முன்னால் போன சீனப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பறவைகளின் குரலும் ஓயவில்லை. குயில் கூவிக்கொண்டே இருந்தது. குன்றுப் பக்கம் பெரிய சிறகடிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கறுப்பு வெள்ளை இருவாச்சி ஒன்று மரத்துக்கு மரம் தாவியது. ஒருகாலத்தில் சிங்கப்பூரிலிருந்து மறைந்தே போயிருந்த பறவை இது. இன்று வீவக வீட்டு மாடிப்படியிலும் வந்து உட்காருகிறது. மலாயில் ‘பாராவ் பாராவ்’ என்று அழைக்கப்படும் வைக்கோல் நிறத் தலைப் பாட்டுப் பறவையும் இந்தக் காடுகளில் வாழ்கிறது. அதன் குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்ததால் வட்டாரம் முழுவதும் அழிந்துவரும் இனம். உலகில் அது எஞ்சியிருக்கும் முக்கியமான இடங்களில் நம் சின்னத் தீவும் ஒன்று. அன்று அதன் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருவேளை நாங்கள் அதிகம் பேசிக்கொண்டு வந்தோமோ என்னவோ.

ஒரு கீற்று நிலத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். 1986இல் திறக்கப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, குன்றுக் காட்டை நடுத்தீவின் நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. பிரிந்த காட்டில் விலங்குகளுக்குத் துணையும் இரையும் குறையும். அதைச் சரிசெய்ய 2013இல் சாலைக்கு மேலே மரங்கள் நட்ட விலங்குப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ரயில் பாதையும் அதே வேலையை வேறு திசையில் செய்கிறது. காட்டுக்கும் காட்டுக்கும் இடையே பறவையும் வண்ணத்துப்பூச்சியும் போய்வர இது ஒரு நடைபாதை. மனிதர்களுக்கு மட்டுமான பாதை இல்லை.

பலாமரத்தடி

ஹிண்ட்ஹீட் சாலைப் பக்கத்தைத் தாண்டியதும் அப்பாவின் நடை மாறியது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் போனார், திரும்பி வந்தார்.

“மைல்கல் ஒண்ணும் இல்லியே” என்றார்.

அவருடைய கேங் ஓய்வெடுத்த இடம் அங்கேதான் எங்கோ இருந்திருக்கிறது. தகரக் கொட்டகை ஒன்று, கருவிகள் வைக்க. பக்கத்தில் பலாமரம். மரத்தடியில் ஒரு கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அதற்கு முனியாண்டி என்று பெயர். வேலைக்கு இறங்கும்முன் ஒரு சூடம். யாருக்காவது சம்பளம் உயர்ந்தாலும், ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் ஒரு தேங்காய்.

இப்படிப்பட்ட கற்கள் இந்தப் பாதை நெடுக இருந்திருக்க வேண்டும். குவீன்ஸ்வே அருகே ரயில்வே ஊழியர்கள் 1930களில் தண்டவாளத்தோரம் வைத்து வணங்கிய சிறிய முனியாண்டி சந்நிதிதான், இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக வளர்ந்திருக்கிறது. ஒரு கல் கோயிலாயிற்று. மற்றக் கற்கள் என்னவாயின?

கால்மணி நேரம் தேடினோம். பலாமரங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் இளமரங்கள். அப்பா சொன்ன இடத்தில், மரத்தின் நிழல் விழுந்திருக்க வேண்டிய இடத்தில், வானம் தெரியும்படி ஒரு வெளி. அதில் கயிறு கட்டிய வரிசைகளில் இடுப்பு உயரக் கன்றுகள். நம் மண்ணுக்குரிய காட்டு மரங்களாக நட்டு வருகிறார்கள்.

அப்பா கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரை அழைத்து வந்திருக்கக்கூடாதோ என்றுகூடத் தோன்றியது. வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த மரம் அவர் மனதிலாவது நின்றிருக்கும்.

“வயசான மரம். விழுந்திருக்கும்” என்றார், கொஞ்சம் பொறுத்து. “சாமிய யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அங்கயே விட்டுட்டுப் போவமாட்டாங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கன்றுகளைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார். அவ்வளவுதான்.

“சும்மா விட்டா காடு வராது”

அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிய ஓர் இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு இயந்திரத்தை நிறுத்தினார். கண்ணாடிக் கவசத்தைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

“எந்த ஊரு தம்பி?” அப்பாவின் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

“புதுக்கோட்டைப் பக்கம் ஐயா.”

“நானும் இந்த வேலைதான் பாத்தேன். இதே எடத்துல. மெசின் இல்ல, கத்திதான்.”

இளைஞர் நம்பாமல் என்னைப் பார்த்தார். “உண்மைதான் தம்பி, ரயில் ஓடினப்ப” என்றேன். அவருக்கு ரயில் ஓடியதே தெரியாது. பாதைக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் சொல்லவில்லையாம். அப்பா குடையால் தரையில் கோடு கிழித்து, தண்டவாளம் இங்கே, கட்டை இங்கே, இரண்டு கம்பிக்கும் நடுவில் ஒரு மீட்டர் என்று காட்டினார். அந்த இளைஞர் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார். ரயில் வந்துவிடும் என்பதுபோல.

பிறகு அப்பா கேட்டார்: “எல்லாத்தையும் காடாக்கணும்னுதானே சொல்றாங்க. அப்புறம் எதுக்கு வெட்டுறீங்க?”

“பாதை ஓரத்துல மட்டும் புல்லை வெட்டுவோம் ஐயா. கயித்துக்கு அந்தப் பக்கம் கன்னு. அங்க இந்தக் கொடியை மட்டும் அறுக்கச் சொல்லியிருக்காங்க. விட்டா மரத்தையே மூடிடுது.”

அவர் காட்டிய கொடியில் அகன்ற இதய வடிவ இலைகள். நுனி நீண்டு கூர்மையாக இருந்தது. இலைக்கணுவில் சின்னச் சின்னக் கிழங்குகள் காய்போலத் தொங்கின. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சான்சிபார் வள்ளி. ஒவ்வொரு குட்டிக் கிழங்கும் கீழே விழுந்து புதுக்கொடியாக முளைக்கும். மரத்தின் தலைவரை ஏறி வெளிச்சத்தை மறைத்துவிடும். கைவிட்ட நிலத்தில் காடு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் முதலில் ஓடி வருவது இப்படிப்பட்ட கொடிகள்தான். அவற்றின் அடியில் காட்டு மரத்தின் விதை விழுந்தாலும் எழ முடியாது.

அப்பா அந்த இலையைத் திருப்பிப் பார்த்தார். “எங்க காலத்துலயும் காய்வள்ளி மாதிரி ஒண்ணு ஏறும். அறுத்தாப் பத்தாது தம்பி. கீழ விழுந்த கெழங்கைப் பொறுக்கணும். இல்லாட்டி அடுத்த மழைக்கு வந்து நிக்கும்.”

“அதையும் பொறுக்கிச் சாக்குல போடுவோம் ஐயா.”

“அப்ப சரி” என்றார் அப்பா. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியடைந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

கொஞ்ச தூரம் நடந்தபின் என்னிடம் சொன்னார்: “சும்மா விட்டா காடு வராதும்மா. தழைதான் வரும். காட்டுக்கும் ஒரு கேங் வேணும்போல.”

நிலையத்தில் ஒரு தேநீர்

ரைஃபிள் ரேஞ்ச் ரோட்டைத் தாண்டி, பிஐஇ விரைவுச்சாலையின் இரைச்சலையும் கடந்தால் மரங்களுக்கு நடுவே புக்கிட் தீமா நிலையம் தெரிகிறது. 1932இல் கட்டிய சிறிய செங்கல் கட்டடம். 2011இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். பழுதுபார்த்து 2022 ஜூலை 1ஆம் தேதி, ரயில் நிலம் திரும்பக் கிடைத்த அதே நாளில், மீண்டும் திறந்தார்கள்.

இங்கே தண்டவாளத்தில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் கைகளை விரித்து நடந்துகொண்டிருந்தார்கள். அப்பா ஒரு மரக்கட்டையின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக்கூடாது. அதற்கு ‘டோக்கன்’ என்ற சாவி. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அந்த ரயில் மட்டுமே அடுத்த பகுதிக்குள் போகலாம். நிலைய அதிகாரி அதைக் கம்பி வளையத்தில் மாட்டிக் கையை நீட்டி நிற்பார். ஓடும் ரயிலிலிருந்து ஓட்டுநர் பறித்துக்கொண்டு, பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். கடைசி நாள்வரை இங்கே அப்படித்தான் நடந்தது. கணினி யுகத்தில், நகரத்தின் நடுவே, கைக்குக் கை மாறிய ஒரு சாவி.

அன்றைய ஊழியர் குடியிருப்பு இன்று காப்பிக்கடை. அங்கே உட்கார்ந்து தேநீர் சொன்னோம். விலையைக் கேட்டதும் அப்பாவின் புருவம் உயர்ந்தது. “இந்த ரூம்புல நாலு பேரு படுப்போம். டீ ஓசியிலயே கிடைக்கும்” என்றார். பக்கத்து மேசையில் இருந்த இளம் தம்பதி காதில் வாங்கிக்கொண்டு, “அங்கிள், நீங்க இங்க வேலை செஞ்சீங்களா?” என்று தமிழில் கேட்டார்கள். பிறகு முக்கால் மணி நேரம் எனக்கு அங்கே வேலையில்லை.

இந்தப் பாதையைக் காக்கச் சொல்லி 2010 அக்டோபரிலேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் திட்டம் கொடுத்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஹில்வியூவிலிருந்து புக்கிட் தீமா நிலையம்வரையிலான நான்கு கிலோமீட்டர் 2021 மார்ச்சில் திறக்கப்பட்டது. தெற்கே, பாதையின் அடியில் பெரிய தண்ணீர்க் குழாய் பதித்த பின்னரே நடப்பதற்குத் திறந்துவிட்டார்கள். ஆக, இந்த நிலத்தை மனிதர் முழுவதுமாகக் கைவிட்டுவிடவில்லை, பயன் மாறியிருக்கிறது. மேலே பறவையும் நடையரும், கீழே குடிநீர்.

எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற தேர்வு இங்கே தினமும் நடக்கிறது. பாலத்தை வைத்துக்கொண்டோம். நிலையத்தை வைத்துக்கொண்டோம். காட்டு மரங்களைத் திரும்ப நடுகிறோம். எல்லாமே நல்லது. ஆனால் கல்லை இடித்தவர்களையும் கொடியை அறுத்தவர்களையும் பற்றிப் பலகைகளில் அதிகம் காணோம். அவர்களில் பலர் நம்மவர்கள். கட்டடத்தைப் பழுதுபார்த்துவிடலாம், அவர்கள் நினைவில் இருப்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், இந்த வாரமே ஒருமுறை அழைத்துச் சென்று பாருங்கள்.

போவது எளிது. வடக்கு முனைக்கு ஹில்வியூ, தெற்கு முனைக்கு கிங் ஆல்பர்ட் பார்க். இரண்டுமே டௌன்டவுன் ரயில் பாதையில் உள்ளன. சமதரை என்பதால் முதியவர்களும் நடக்கலாம். நிழல் எல்லா இடத்திலும் இல்லை. காலை எட்டு மணிக்கு முன்பே தொடங்குங்கள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். குரங்குகள் வரும். அவற்றுக்கு உணவு கொடுக்கக்கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்கவும் வேண்டாம்.

நாங்கள் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்துக்குக் கிளம்பியபோது பத்தரை ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கால் வலி. காட்டிக்கொள்ளவில்லை. பாதையோர லோங்காங்கில் ஓரிடத்தில் சருகு சேர்ந்து தண்ணீர் தேங்கியிருந்தது. நின்றார். குடையைத் திருப்பிப் பிடித்து, வளைந்த கைப்பிடியால் சருகை இழுத்து வெளியே போட்டார். இரண்டு முறை, மூன்று முறை. தண்ணீர் ஓடத் தொடங்கியது.

“போகலாம்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. கையில் ஒரு சாக்குப் பை மட்டும் இருந்தது.

“எதுக்குப்பா?”

“கெழங்கு பொறுக்க.”